முட்டை விளையும் ஊரில் முதியவர் தட்டு

நாமக்கல் மண்டலத்தில் முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலை ஐந்து காசு ஏறினாலும் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். புரட்டாசி பிறந்தால் விலை இறங்கும், சபரிமலைக்கு மாலை போட்டால் கொஞ்சம் தள்ளாடும். சத்துணவு மையங்களுக்கு, கேரளத்துக் கடைகளுக்கு, வளைகுடா நாடுகளுக்கு என்று தினமும் கோடிக்கணக்கில் முட்டை இந்த மாவட்டத்திலிருந்து லாரி ஏறுகிறது. ராசிபுரம் தாண்டிச் சேலம், ஆத்தூர்ப் பக்கம் போனால் குச்சிக்கிழங்கு வயல்களும், அந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு மாவு வரத்து நின்றபோது சூடுபிடித்த தொழில் அது. 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவாகத் திரண்டது, 2023-ல் சேலம் ஜவ்வரிசி என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

ஒரே சமவெளியில் விளைகிற இந்த இரண்டு பண்டங்களும் சத்துக்கணக்கில் இரு துருவங்கள். உடம்புக்கு வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டிய அமினோ அமிலங்கள் அத்தனையும் முட்டையில் உண்டு. ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம். ஜவ்வரிசியோ ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து, 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. வயதானவர் காய்ச்சலில் படுத்தால் நம் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது ஜவ்வரிசிக் கஞ்சிதான். “முட்டை சூடு சாமி, பையனுக்கு வை” என்று அப்பத்தா தட்டைத் தள்ளிவிடுவார்.

முதுமையில் வரும் மறதி நோயை, குறிப்பாக அல்சைமர் நோயை, உணவிலுள்ள புரதமும் குடலின் நலமும் தடுக்குமா என்று உலகம் முழுக்க ஆராய்கிறார்கள். இதுவரை கிடைத்திருப்பதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: தடுக்கும் என்று சத்தியம் செய்ய ஆதாரம் போதாது. ஆனால் அந்த ஆதாரம் முழுமையாகும்வரை காத்திருக்காமலே சரிசெய்ய வேண்டிய குறை ஒன்று சேலம், நாமக்கல் முதியவர்களின் தட்டில் இருக்கிறது.

முதலில் நோய். 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்தது. மூளையின் நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் படிகிறது; அணுக்களுக்குள்ளே டௌ என்ற புரதம் முறுக்கிக்கொண்டு சிக்காகிறது. தடுமாற்றம் வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே படிவு தொடங்கிவிடுகிறது. ஆகவே எழுபது வயது மறதிக்கு நாற்பது, ஐம்பது வயதுச் சாப்பாட்டையும் விசாரிக்க வேண்டும். மூளையில் படிகிற புரதம் உடம்பே உண்டாக்குவது. பருப்பும் முட்டையும் தின்பதால் அது கூடிவிடாது.

இந்தியாவில் எத்தனை பேருக்கு? நாடு தழுவிய முதுமை ஆய்வின் மறதி நோய்ப் பிரிவு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு ஏதோ ஒருவகை மறதி நோய் இருக்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். படிக்கிறவருக்கு இது இடிக்கும். ஏனென்றால் இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தியக் கிராமம் மறதி நோய்க்கு மருந்து என்றே பேசப்பட்டது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த ஆய்வு 2001-ல் வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 4.7 பேருக்குத்தான் புதிதாக அல்சைமர் வந்தது. அதே முறையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 17.5. உடனே மஞ்சள், மரக்கறி, நார்ச்சத்து என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நோயுற்றவர் சீக்கிரம் இறந்துபோவது, கண்காணித்த காலம் குறைவு, அபாயத்தைக் கூட்டும் மரபணு வகை அங்கே குறைவு என்ற காரணங்களை அவ்வளவாக யாரும் விரும்பவில்லை. வீட்டில் எல்லாம் பேரன் பேத்தி பார்த்துக்கொள்ளும்போது, “அப்பாருக்கு வயசாயிருச்சுங்க, அப்பிடித்தான்” என்று மறதி கணக்கில் வராமலே போவதும் உண்டு.

தமிழ்நாட்டைத் தொட்ட ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 10/66 என்ற பன்னாட்டுக் குழு, சென்னையிலும் வேலூரிலும் உள்ள முதியவர்களைச் சேர்த்துக்கொண்டு சீனா, கியூபா, பெரு உள்ளிட்ட நாடுகளில் 15,000 பேரிடம் மீன், இறைச்சி சாப்பிடும் வழக்கத்தை விசாரித்தது. 2009-ல் வெளியான முடிவில், மீன் அதிகம் சாப்பிட்டவர்களிடம் மறதி நோய் குறைவு. எல்லா நாட்டிலும் இந்த உறவு தெரிந்தது, இந்தியாவைத் தவிர. இறைச்சியில் உறவு நேர்மாறாக, அதுவும் ஒரே சீராக இல்லாமல் வந்தது. மேட்டூர் அணையின் கட்லாவும் ரோகுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழம்பாகிற சேலத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓர் ஊரின் உணவு உறவை இன்னோர் ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதுதான் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

புரதத்தையே மையமாக வைத்த ஆய்வுகளில் பெரியது அமெரிக்காவில் 77,000 செவிலியர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது, 2022-ல் வந்தது. மாவுச்சத்திலிருந்து வரும் ஆற்றலில் 5 சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பயறு, கடலை போன்ற தாவரப் புரதத்தை வைத்தால், நினைவு குறைகிறது என்று சொல்பவர்களின் வாய்ப்பு 26 சதவீதம் குறைந்தது. விலங்குப் புரதம் என்றால் 11 சதவீதம். பயறுக்கும் பீன்ஸுக்கும் தனி நற்பெயர். ஆனால் இதில் ‘நினைவு குறைகிறது’ என்று சொன்னது அவரவரே. அது மருத்துவர் கண்டறிந்த அல்சைமர் அல்ல.

நாமக்கல்லுக்குப் பிடித்த ஆய்வு 2024-ல் சிகாகோவிலிருந்து வந்தது. சராசரி வயது 81 உள்ள 1,024 பேரை ஏழு ஆண்டுகள் அளவுக்குக் கவனித்தார்கள். வாரம் ஒரு முட்டைக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, மாதம் ஒன்றுகூடச் சாப்பிடாதவர்களைவிட அல்சைமர் வரும் அபாயம் 47 சதவீதம் குறைவு. இந்தப் பலனில் 39 சதவீதம் கோலின் என்ற சத்தால் விளக்கப்பட்டது. மஞ்சள் கருவில் நிறைந்திருப்பது இது. ஒரு முட்டையில் சுமார் 147 மில்லிகிராம். நினைவுக்கு வேண்டிய அசிடைல்கோலின் என்ற செய்திக்கடத்தி இதிலிருந்துதான் உண்டாகிறது. அல்சைமர் நோயாளிக்கு இன்று எழுதித்தரும் டோனபெசில் மாத்திரை செய்வதும் அந்த அசிடைல்கோலின் சிதையாமல் காப்பதுதான். பின்லாந்தின் குயோப்பியோவில் 2,500 ஆண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் உணவில் பாஸ்படிடைல்கோலின் அதிகம் இருந்தவர்களுக்கு மறதி நோய் 28 சதவீதம் குறைவாக வந்தது. இவ்வளவும் கேட்டுவிட்டு, ‘மறதிக்கு முட்டை’ என்று பண்ணை வாசலில் போர்டு மாட்டிவிடலாமா?

கூடாது. ஏனென்றால் கதையில் இந்த இடத்தில்தான் குடல் நுழைகிறது. நாம் சாப்பிடும் கோலின் முழுவதும் மூளைக்குப் போய்விடுவதில்லை. சிறுகுடலில் உறிஞ்சப்படாத பகுதியைக் குடல் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமின் என்ற வாயுவாக்குகின்றன. கல்லீரல் அதை டிஎம்ஏஓ என்ற பொருளாக்கி ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்தில் இது கூடியிருப்பவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அல்சைமர் நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்திலும் இது கூடுதலாக இருந்ததை 2018-ல் விஸ்கான்சின் குழு காட்டியது. ஆக ஒரே முட்டை, ஒரு குடலில் நினைவுக்கு உரம், இன்னொரு குடலில் நாளத்துக்குத் தொல்லை. எது நடக்கும் என்பதில் அந்தக் குடலில் குடியிருக்கும் கிருமிகளுக்கும் பங்கு உண்டு.

இதே விஸ்கான்சின் குழு 2017-ல் 25 அல்சைமர் நோயாளிகளின் மலத்தையும் நலமான 25 பேரின் மலத்தையும் ஒப்பிட்டது. நோயாளிகளின் குடலில் கிருமி வகைகள் குறைந்திருந்தன, பிபிடோபாக்டீரியா குறைவு. எது முன்னால், எது பின்னால்? மறந்துபோய்ச் சாப்பிடாமல், நடமாடாமல், மலச்சிக்கலோடு இருப்பவரின் குடல் மாறாமல் எப்படி இருக்கும்? இதைப் பிரித்தறிய எலிகளிடம் போனார்கள். கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த, அமிலாய்டு படியும் வகை எலிகளுக்குப் படிவு குறைவாகவே வந்தது. 2023-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழு, டௌ நோய் எலிகளிலும் கிருமியில்லா வளர்ப்பு மூளைச் சுருக்கத்தைக் குறைப்பதைக் கண்டது. அதோடு ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. நார்ச்சத்தைக் குடல் கிருமிகள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் குடலுக்கு அமுதம் என்றுதான் எல்லோரும் எழுதிவந்தோம். அந்த எலிகளுக்கு அதையே கொடுத்தபோது மூளையழற்சி திரும்பியது. எலியில் நடப்பதெல்லாம் மனிதரில் நடக்காது; ஆனாலும் ‘குடலுக்கு நல்லது மூளைக்கும் நல்லது’ என்ற வாக்கியத்தை இவ்வளவு சுலபமாக எழுதக்கூடாது என்று அது எச்சரிக்கிறது.

புரதத்துக்கும் குடலுக்குமான உறவில் ஒரு விஷயம் மட்டும் உறுதியாகத் தெரியும். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் புரதம் அங்கே தனியாக மாட்டிக்கொண்டால் அழுகுகிறது; அம்மோனியா, பி-கிரசால், ஹைட்ரஜன் சல்பைடு என்று வேண்டாதவை உண்டாகின்றன. கூடவே நார்ச்சத்தும் செரிக்காத மாவுச்சத்தும் போனால் கிருமிகள் முதலில் அவற்றைத்தான் பிடித்துக்கொள்ளும், அழுகல் குறையும். எவ்வளவு புரதம் என்பதோடு எதோடு சேர்த்துப் புரதம் என்பதையும் கேட்க வேண்டும். அதனால்தான் புரதப் பவுடர் டப்பாவைவிடக் கொள்ளும் தட்டைப்பயறும் எனக்கு நம்பகமாகத் தெரிகின்றன. அவற்றில் புரதமும் நாரும் செரிக்காத மாவுச்சத்தும் ஒரே விதையில் கட்டப்பட்டிருக்கின்றன.

செரிக்காத மாவுச்சத்து என்றால் தமிழ்நாட்டுக்குத் தனி உரிமை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, காலரா நோயாளிகளுக்கான உப்பு சர்க்கரைக் கரைசலில் இத்தகைய மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்து வயிற்றுப்போக்கு சீக்கிரம் நிற்பதை 2000-ல் நிரூபித்தது. பெருங்குடல் கிருமிகள் அதை நொதிக்கச் செய்கின்றன; கூடவே பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. சோறு ஆறினாலே இந்த மாவுச்சத்து கொஞ்சம் கூடும். இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய பழைய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, பழைய சோறு குடல் அழற்சி நோயாளிகளுக்கு உதவுமா என்ற ஆராய்ச்சியில் இறங்கியது இதனால்தான். ஆனால் பழைய சோற்றையும் சின்ன வெங்காயத்தையும் மட்டும் வைத்துப் புரதக் கணக்கு தீராது. அது குடலுக்கு ஆகலாம், தசைக்கு ஆகாது.

புரதம், குடல், நினைவு மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்த்த மனிதச் சோதனை ஒன்று லண்டன் கிங்ஸ் கல்லூரியில் நடந்தது. 60 வயதைத் தாண்டிய 36 ஜோடி இரட்டையர்கள். எல்லோருக்கும் அமினோ அமிலப் பொடியும் உடற்பயிற்சியும் பொது. ஜோடியில் ஒருவருக்கு மட்டும் அதோடு குடல் கிருமிகளுக்குத் தீனியாகும் நார்ப்பொடி. மற்றவருக்கு அதுபோலத் தெரியும் வெறும் பொடி. பன்னிரண்டு வாரம் கழித்து நாற்காலியிலிருந்து எழும் வலுவில் வித்தியாசம் இல்லை. ஆனால் நார்ப்பொடி சாப்பிட்டவர்கள் நினைவுச் சோதனையில் முன்னே நின்றார்கள், அதுவும் அல்சைமரின் ஆரம்பத்தைக் கண்டறியப் பயன்படும் வகைச் சோதனையில். 2024-ல் வந்த இந்த முடிவு சிறியது, குறுகிய காலத்தது. எனக்கு இது பிடிப்பதற்குக் காரணம் வேறு. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் அதே வகை நார்தான் அந்தப் பொடி. கொள்ளைப் பூண்டு போட்டுக் கடைகிற அடுப்படிக்கு இது புதிதல்ல.

தோற்ற ஆய்வுகளையும் சொல்லாமல் விட்டால் ஏமாற்று வேலை. கீரை, கொட்டை, பயறு, மீன் நிறைந்த மைண்ட் உணவுமுறையை 604 பேரிடம் மூன்று ஆண்டு சோதித்தார்கள். 2023-ல் வந்த முடிவு, வெறுமனே எடை குறைத்த குழுவைவிட நினைவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கடற்பாசியிலிருந்து எடுத்து, குடல் கிருமிகளைத் திருத்தி அல்சைமரைத் தணிக்கும் என்று சீனா 2019-ல் நிபந்தனையோடு அனுமதித்த மருந்தின் பன்னாட்டுச் சோதனை 2022-லேயே நிறுத்தப்பட்டது. வென்றவற்றில் ஒன்று பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வு: 1,260 பேர், 2 ஆண்டு, உணவோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்த்து. லான்செட் ஆணையம் 2024-ல் மறதி நோயின் 45 சதவீதத்துக்குக் காரணமான, மாற்றக்கூடிய 14 அபாயங்களைப் பட்டியலிட்டது. அதில் புரதமும் இல்லை, குடலும் இல்லை. நீரிழிவு உண்டு, ரத்தக்கொதிப்பு உண்டு, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, தனிமை உண்டு.

நீரிழிவு என்ற அந்த ஒரு சொல் போதும், பேச்சு மறுபடி நம் தட்டுக்கு வந்துவிடும். ஐசிஎம்ஆர் இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வந்தது. இந்தியர் சாப்பிடும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம்தான். அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவது மட்டும் அபாயத்தைக் குறைக்கவில்லை. மாவுச்சத்தில் 5 சதவீதத்தைப் பருப்பு, பயறு, பால் புரதமாக மாற்றினால் குறைந்தது. சிறுதானியக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் காலத்தில் இது பலருக்குக் கசக்கும். களியை நான் குறை சொல்லவில்லை. களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒரு பாட்டி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவுப்படி கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது நாளுக்கு 41 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். முதியவர்களுக்குத் தசை கரையாமலிருக்க 1 முதல் 1.2 கிராம் தேவை என்று முதுமை மருத்துவ வல்லுநர்கள் 2013-லேயே சொல்லிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் 50, 60 கிராம். காலையில் இரண்டு இட்லி, ஒரு டீ. மத்தியானம் ஒரு பிடி சோறு, ரசம், கொஞ்சம் மோர். சாயந்திரம் டீயோடு இரண்டு பிஸ்கட். ராத்திரி ஒன்றரை தோசை. கூட்டினால் 25 கிராமைத் தொட்டாலே அதிகம். பல் இல்லை என்று கடலையை விட்டாயிற்று, வாயு என்று பயறை விட்டாயிற்று, செவ்வாய் வெள்ளி என்று முட்டையை விட்டாயிற்று. இதில் வாயு மட்டும் உண்மையான புகார். பயறிலுள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரையைக் குடல் கிருமிகள் நொதிக்கச் செய்யும்போது வருவது அது. இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, முளைகட்டி, பெருங்காயம் போட்டுக் கடைந்து, இரண்டு கரண்டியில் தொடங்கினால் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் பழகிவிடும்.

இன்னொன்று பி12. இது குறைந்தாலே மறதியும் தடுமாற்றமும் வரும், அல்சைமர் போலவே தோன்றும். வேளையோடு கண்டுபிடித்தால் ஊசியிலும் மாத்திரையிலும் சரியாகும். தாவர உணவில் இது கிடைப்பதில்லை. முட்டை, பால், மீன், கறியில்தான். வயதாக ஆக இரைப்பையின் அமிலம் குறைந்து உறிஞ்சுவதும் குறையும். சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மினும் நாள்பட்டால் பி12-ஐக் குறைக்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பல ஆண்டாக மெட்பார்மின் சாப்பிடும் சைவ முதியவர் பெயர் மறக்கிறது என்றால், அடுத்த தடவை டாக்டரிடம் பி12 சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பண்ணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோழி வேகமாக வளரத் தீவனத்தில் கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கைக் கலக்கும் வழக்கத்தை மத்திய அரசு 2019-ல் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்ற அச்சம் அதற்குக் காரணம். அதற்கும் அல்சைமருக்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை, வாட்ஸப்பில் போடுகிறார்கள்.

1982-ல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவில் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாள் முட்டை உண்டு. அந்த முட்டையில் பெரும்பகுதி போவது இந்த மாவட்டத்திலிருந்துதான். அதே வீட்டுக் கிழவிக்கு ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. ஒரு கிலோ பருப்பில் 220 கிராம் அளவுக்குப் புரதம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கிராம்கூட வராது. முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயானது. வாரம் நான்கு முட்டைக்கு அதில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். உதவித்தொகை பெறும் முதியவருக்கு ரேஷன் கடையிலேயே மாதம் அரை அட்டை முட்டையும் கூடுதலாக ஒரு கிலோ பயறும் கொடுத்தால் என்ன என்று கேட்க அல்சைமரை இழுக்கவே வேண்டியதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிவது, தசை கரைவது, சர்க்கரை ஏறுவது ஆகிய மூன்றுமே போதுமான காரணம். இதயநோய் உள்ளவர், சிறுநீரகம் பழுதானவர் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

அல்சைமர் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் அதைத் தேட இதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் குறைவு. ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு பக்கத்துக் கிராமங்களில் 60 தாண்டிய சில ஆயிரம் பேர். ஒரு பகுதிக்கு முட்டையும் முளைகட்டிய பயறும், இன்னொரு பகுதிக்கு வழக்கமான சாப்பாடு. இரண்டு மூன்று ஆண்டு. தொடக்கத்திலும் முடிவிலும் ரத்தத்தில் பி12, சர்க்கரை, டிஎம்ஏஓ, மலத்தில் கிருமிகள், பிறகு நினைவுச் சோதனை. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் செய்யக்கூடிய நினைவுச் சோதனையை 10/66 குழு சென்னையிலும் வேலூரிலும் தமிழிலேயே நடத்திப் பார்த்திருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. முட்டைக்கு வெளியூரில் டெண்டர் விட வேண்டிய அவசியமே இல்லை.